கூடத்து அடுப்பில் பெருமாள்

அந்த வருஷத்தை நினைத்தால் ராமாமணிக்கு முதலில் இருமல்தான் கேட்கும்.

ஐம்பத்தேழு, புரட்டாசி. மகனுக்கு ஏழு மாதம். அவள் பிரசவத்துக்குப் போன தாய்வீட்டில், சரவணம்பட்டியில் ஆறு மாதம் இருந்தான். ஒரு நாள் தும்மியதில்லை. ஆவணியில் கணபதி என்ற ஊரிலிருந்த புகுந்த வீட்டுக்குத் தூக்கி வந்தாள். நான்காம் நாள் இருமல் பிடித்தது. காலையில் சமையலறையில் அடுப்பு மூட்டி அரைமணி நேரம் ஆனதும் தொடங்கும். பதினோரு மணிக்கு ஓயும். மாலை அடுப்போடு மறுபடி வரும். டாக்டர் சிவப்பு மருந்து கொடுத்தார். பிறகு பழுப்பு மருந்து கொடுத்தார். மூன்றாம் முறை மருந்து எழுதவில்லை. அடைமழைக்குள் இருமல் நிற்காவிட்டால் குழந்தையைக் கொஞ்ச நாள் வேறு வீட்டில் வைத்துப் பாருங்கள், நெஞ்சு தாங்காது என்றார்.

வேறு வீடு என்றால் சரவணம்பட்டி. அதை மாமியாரிடம் சொல்ல ராமாமணிக்கு இரண்டு நாள் ஆயிற்று.

"உங்க ஊட்டுல இருந்தா நல்லா இருக்கறான், எங்க ஊட்டுக்கு வந்தா இருமறான். அதத்தான சொல்ல வர்றே அம்மணி?" என்றாள் பங்காரம்மா.

"நான் சொல்லலீங்க அத்தை. டாக்டரு சொன்னாரு."

"டாக்டரு வாயில நீ பேசறே."

வீட்டுக்குள் பேச்சு பெரும்பாலும் தெலுங்குதான். கோபம் வந்தால் பங்காரம்மாவுக்குத் தமிழ்தான் வரும். அந்த ஆவணி புரட்டாசியில் வீட்டில் நிறையத் தமிழ் கேட்டது.

தொட்டில் கூடத்தில் தொங்கியது. அதை ராமாமணி அறைக்குள் மாற்றிப் பார்த்தாள். அறையின் கதவும் கூடத்துக்குள்தான் திறந்தது. அந்த வீட்டில் எல்லாக் கதவும் கூடத்துக்குள்தான் திறக்கும். பின்னால் அவர்களுடைய ஜின்னிங் ஃபாக்டரி, பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற இடம். பஞ்சு பறந்து வந்து கூடத்து ஊஞ்சல் சங்கிலியில் ஒட்டும். பிற்பாடு வேறு வேறு வீடுகளில் இருந்தபோது, தலை சீவும் சீப்பில் பஞ்சு இல்லாதது அவளுக்குக் குறையாகத் தெரிந்திருக்கிறது. அப்போது அது தொல்லைதான்.

கூடத்தின் வடக்குச் சுவரில் ஓர் அடுப்பு இருந்தது. இடுப்பளவு உயரம், வளைவு வைத்த முகப்பு, இரண்டு பக்கமும் வழவழவென்று தூண். மாமனார் சீனிவாசலு முப்பத்தெட்டில் இந்த வீட்டைக் கட்டியபோது போட்டது. குன்னூரில் ஒரு துரை பங்களாவில் பார்த்துவிட்டு, கடித உறையின் பின்பக்கத்தில் படம் வரைந்துகொண்டு இறங்கினாராம். கோயமுத்தூருக்குக் குளிர்காயும் அடுப்பு எதற்கு என்று கேட்டவர்களிடம், மார்கழியில் பாலக்காட்டுக் காற்று அடிக்கும்போது வந்து கேளுங்கள் என்றாராம். ஒரே ஒரு நாள் தீ மூட்டினார்கள் என்று ராமாமணி கேள்விப்பட்டிருந்தாள். அதற்குமேல் யாரும் சொன்னதில்லை. இரண்டு வருஷத்தில் அவர் போய்விட்டார்.

அவர் போன பிறகு பங்காரம்மா அந்த அடுப்பைக் கழுவி, கோலம் போட்டு, சாமியை வைத்துவிட்டாள். நடுவில் தாயாரோடு பெருமாள், பெரிய கண்ணாடிச் சட்டம். வலப்பக்கம் மகாலட்சுமி. இடப்பக்கம் மருதமலை முருகன். முன்னால் இரண்டு குத்துவிளக்கு, மணி, சாம்பிராணிக் கரண்டி. வளைவுக்குள் அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும். வந்தவர்கள் எல்லோரும் அது பூஜை மாடம் என்றே நினைத்தார்கள். பதினேழு வருஷமாகப் பெருமாள் அங்கேதான் இருந்தார்.

தினமும் காலையில் பங்காரம்மா பெருமாள் கண்ணாடியைத் துடைப்பாள். துணி கறுப்பாக வரும்.

"சாம்பிராணி" என்பாள்.

ஆவணிக் கடைசியில் ஒரு கல்யாணம். எல்லோரும் போனார்கள். ராமாமணியும் குழந்தையும் மட்டும் வீட்டில். அடுப்பு மூட்டவில்லை, பின்வாசலில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பால் காய்ச்சினாள். சாமிக்கு விளக்கேற்றி, பங்காரம்மா சொல்லிவிட்டுப் போனபடி சாம்பிராணியும் போட்டாள். அன்று முழுக்கக் குழந்தை இருமவில்லை.

மறுநாள் காலை சமையலறையில் அடுப்பு எரிந்தது. ராமாமணி கூடத்தில் நின்று பெருமாளையே பார்த்தாள். கால் மணி நேரத்தில் கிரீடத்துக்குப் பின்னாலிருந்து நூல் மாதிரி புகை இறங்கியது. சமையலறையில் எரிகிற பருத்திமாரின், காய்ந்த பருத்திச் செடியின் வாசனை. சாம்பிராணி இன்னும் போடவே இல்லை.

புருஷனிடம் சொன்னாள். வரதராஜுலு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அம்மாகிட்ட நீயே பேசு" என்றான்.

"நீங்க பேசக்கூடாதா?"

"நான் பேசுனா அதுக்கு நீ சொல்லிக்கொடுத்தேம்பாங்க. நீயே பேசுனா ஒரு சண்டையோட போகும்."

அவன் சொன்னதில் தப்பில்லை. அவளும் பேசவில்லை.

புரட்டாசி மூன்றாம் வாரம் புதன்கிழமை, இரண்டு வீடு தள்ளி மில் மேனேஜர் பங்களாவின் மொட்டை மாடியில் ஒருவன் நிற்பதைப் பார்த்தாள். புகைக்கூண்டுக்குள் கயிற்றை இறக்கி இழுத்துக்கொண்டிருந்தான். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிறவனைப்போல நிதானமாக. வாட்ச்மேனை அனுப்பிக் கூப்பிட்டாள்.

பெயர் சென்னியப்பன், சொந்த ஊர் தொண்டாமுத்தூர். பன்னிரண்டு வருஷமாகக் குன்னூர் எஸ்டேட் பங்களாக்களில் புகைக்கூண்டு சுத்தம் செய்கிறவன். புரட்டாசியில் பத்து நாள் கீழே இறங்கி வந்து கோயமுத்தூர் பங்களாக்களைப் பார்த்துவிட்டுப் போவான். நாற்பது வயதிருக்கும். நகக்கண்ணைத் தவிர வேறெங்கும் கரி இல்லை. தோளில் கயிறு, கயிற்றின் நுனியில் இரும்புக் குண்டு, குண்டுக்கு மேலே பனைநார் பிரஷ். இடுப்பில் துணி சுற்றிய முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று.

"வெள்ளிக்கெழம சாயங்காலம் பஸ் ஏறிடுவனுங்க. அதுக்குள்ள செஞ்சுபோடலாம்" என்றான்.

பங்காரம்மா சமையலறைக் கூண்டுக்கு மட்டும் சரி என்றாள். அதுவும் மேலேயிருந்து மட்டும். உள்ளே வரக் கூடாது. சென்னியப்பன் அதை எதிர்பார்த்தவன் மாதிரி தலையை ஆட்டிவிட்டு ஏணியில் ஏறினான். கீழே அடுப்பு வாயில் ஈரச் சாக்கைக் கட்டிக் கரியை அள்ளியது வேலைக்காரி. மூன்று சாக்கு வந்தது. தூளாக இல்லை, பளபளவென்று பாளம் பாளமாக இருந்தது.

இறங்கி வந்து ஒரு பாளத்தை முகர்ந்தான்.

"ஏனுங்கம்மா, என்னங்க எரிக்கறீங்க?"

"பருத்திமாரு" என்றாள் ராமாமணி.

"வெறும் மாரு இப்பிடி வராதுங்களே."

"பத்தவெக்கறதுக்கு ஃபாக்டரி வேஸ்ட்டு போடுவோம்." மிஷின் துடைத்த எண்ணெய்ப் பஞ்சு. கூடை கூடையாகச் சும்மா கிடைத்தது. ஜின்னிங் ஃபாக்டரி வைத்திருக்கிற வீடுகளில் எல்லாம் அதுதான் வழக்கம். சமையலறையில் அதைச் சிக்கனம் என்று சொல்லுவார்கள்.

"அதானுங்க. எண்ணெப் புகை தாரு மாதிரி சொவத்துல ஒட்டிக்குது. என்னிக்காச்சும் ஒரு பொறி மேல போயி அதுல புடிச்சுதுன்னா கூண்டு முச்சூடும் எரியுமுங்க. ரயிலு போற மாதிரி சத்தம் கேக்கும். ஒருக்கா குன்னூருல பாத்திருக்கறேன். ஓட்டுக் கூரையோட போச்சு. அந்தப் பஞ்ச இனிமேத் தொடாதீங்க. ஈர மாரும் வேண்டாங்க. வருசா வருசம் மழைக்கு முன்னாடி ஒருக்கா கயிறு உட்டுப்போடுங்க."

பிறகு கூரையை நிமிர்ந்து பார்த்தான்.

"கூண்டு ஒண்ணுதானுங்க. ஆனா அகலத்தப் பாத்தா உள்ள ரெண்டு கொழாய் இருக்கோணும். இன்னொண்ணு எங்கீங்க எறங்குது?"

"கூடத்துக்கு. அங்கயும் ஒரு அடுப்பு இருக்குது."

"அதப் பாக்கலாங்களா?"

"அதுல பெருமாள் இருக்கறாரு."

சென்னியப்பன் கையிலிருந்த கரிப் பாளத்தைக் கீழே வைத்தான்.

"எப்பருந்துங்க?"

"பதினேழு வருசமா."

"அப்பொ நான் மேல போயி இந்தக் கொழாய்ல ஒரு சத்தம் குடுக்கறனுங்க. கூடத்துல கேக்குதான்னு பாருங்க. கேட்டுதுன்னா ரெண்டு கொழாய்க்கும் நடுச் சொவுரு எங்கியோ உழுந்திருக்குதுன்னு அர்த்தம்."

ராமாமணி கூடத்துக்கு வந்தாள். பங்காரம்மா குளித்துவிட்டு வந்து பெருமாள் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். சொல்ல நேரமில்லை.

பெருமாளுக்குப் பின்னாலிருந்து கனத்த குரல் கேட்டது. "ஏனுங்கம்மா! நான் பேசறது கேக்குதுங்களா?"

பங்காரம்மாவின் கையிலிருந்து மணி விழுந்தது. கண்ணைத் திறந்து பெருமாளைப் பார்த்தாள். திரும்பி மருமகளைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஏனுங்க! கேட்டா ஒரு கொரலு குடுங்க!"

"கேக்குது சென்னியப்பா" என்றாள் ராமாமணி.

பங்காரம்மா எழுந்துகொண்டாள். வெளுப்பு போய்ச் சிவப்பு வந்தது.

"என்ற பெருமாளுக்குப் பின்னாடி அவனுக்கு என்ன வேல?"

"அவன் சமையக்கட்டுக் கூண்டுலதானுங்க அத்தை பேசறான். அந்தக் கொரலு வர்ற வழியிலதான் பொகையும் வருது."

"நானே ஒரு நிமிசம் நம்பிப்போட்டேன். பெருமாளு என்னைய 'ஏனுங்க'ன்னு கூப்புடுவாரான்னு யோசன வந்துதோ, பொழச்சேன்" என்றாள். ராமாமணிக்குச் சிரிப்பு முட்டியது. பங்காரம்மாவுக்கும் உதட்டோரம் துடித்தது. ஆனால் சாமியை நகர்த்த வேண்டும் என்றதும் அது நின்றுவிட்டது.

"பொரட்டாசி மாசத்துல பெருமாள எடுக்கறதா? அதுவும் சனிக்கெழமைக்கு மூணு நா இருக்கறப்ப? உங்க ஊட்டுல எப்பிடியோ."

வியாழக்கிழமை தூறல். ஈரக்காற்றில் புகை மேலேறாமல் அழுந்தியது. குழந்தை காலையில் குடித்த பாலை இருமி வெளியே தள்ளினான். பகலில் சென்னியப்பன் வந்து பின்வாசலில் நின்றான். வெளியாட்களுக்கென்று சுவர்மேல் கவிழ்த்து வைத்திருந்த தம்ளரில் காப்பி குடித்தான்.

"சாமி நவுந்துதுங்களா?"

"இல்ல."

"நான் ஒண்ணும் ஒடைக்கப் போறதில்லீங்க. இந்தக் கண்ணாடிய அடுப்புக்குள்ள மல்லாத்தி வெச்சுப் பாத்தா வானம் தெரியோணும். தெரிஞ்சா கொழாய் நல்லாருக்குது. தெரியலீன்னா அடைச்சிருக்குது. அவ்வளவுதானுங்க சோதன. நீங்களே வெச்சுப் பாக்கலாம்." கண்ணாடியைப் படிமேல் வைத்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை குழந்தைக்கு மூச்சு இழுத்தது. இருமலுக்கும் இருமலுக்கும் நடுவில் விசில் மாதிரி சத்தம். பங்காரம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தாள். 'ராசா, ராசா' என்றாள். பேரன் பெயரைச் சொல்லமாட்டாள். அது அவள் புருஷன் பெயர்.

ராமாமணி அறைக்குள் போய்த் தகரப் பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்கினாள். பங்காரம்மா வாசற்படியில் வந்து நின்றாள்.

"என்ன பண்றே?"

"சாயங்காலம் சென்னியப்பன் பஸ் ஏறிடுவான். நாளைக்கு நானும் ஏறிடறனுங்க அத்தை. மழை முடிஞ்சு தையில வாரேன்."

"தையில வருவியா?"

"இருமல் நின்னா வருவனுங்க."

பங்காரம்மா தோளில் கிடந்த குழந்தையை மாற்றிப் போட்டாள். கட்டிலில் உட்கார்ந்தாள். அப்புறம் பேசியது தெலுங்கில். ராமாமணி பிற்காலத்தில் அதை அதே வார்த்தைகளில் சொல்லுவாள். சொல்லும்போது குரலும் பங்காரம்மாவைப்போலத் தாழ்ந்துவிடும்.

"அந்த அடுப்பு கட்டி முடித்ததும் ஊரில் பெரியவர்களையெல்லாம் கூப்பிட்டார். மார்கழி. எனக்குக் குன்னூரிலிருந்து கம்பளிச் சால்வை வாங்கி வந்திருந்தார். நான் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்காரவேண்டும், அவர் தீ மூட்ட வேண்டும் என்று ஆசை. மூட்டினார். புகை மேலே போகவில்லை. எல்லாம் கூடத்துக்குள் வந்தது. அவர் ஊதினார். ஊத ஊத இன்னும் வந்தது. அத்தனை பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். அப்புறம் அவர் எங்கே போனாலும், 'ஏனுங்க, குளிர் காஞ்சாச்சுங்களா' என்று கேட்டார்கள். சந்தையில், கோயிலில், பஞ்சு மண்டியில். அவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்தால் அந்தப் பக்கம் திரும்பமாட்டார். அவர் போன பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ஒருவன் அதைப் பார்த்துச் சிரித்தான். அன்றைக்குத்தான் பெருமாளைக் கொண்டுவந்து வைத்தேன். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. கும்பிட்டார்கள்."

ராமாமணி கையிலிருந்த துணியை பெட்டிக்குள் வைப்பதா, வெளியே போடுவதா என்று தெரியாமல் வைத்திருந்தாள்.

குழந்தை மறுபடி இருமினான். முகம் கருஞ்சிவப்பானது.

பங்காரம்மா எழுந்தாள். குழந்தையை மருமகளிடம் கொடுத்தாள். கூடத்துக்குப் போய்ச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முதலில் முருகனை எடுத்தாள். பிறகு மகாலட்சுமி. பெருமாளை எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. "இந்தப் புள்ளைக்காகத்தான். வேற எதுக்கும் இல்ல" என்று அவரிடம் சொன்னாள். மூவரையும் தன் அறையில் பட்டுப்புடவை விரித்த பலகைமேல் வைத்தாள். சட்டங்களின் பின்பக்கம் அடுப்புக்கரியாக இருந்தது. பெருமாள் படத்தின் அட்டை தொட்டால் உதிர்ந்தது.

ராமாமணி குழந்தையை வேலைக்காரியிடம் கொடுத்துத் தோட்டத்துக்கு அனுப்பினாள். வாட்ச்மேனை விட்டுக் கூப்பிட்ட சென்னியப்பன் வந்து கூரைமேல் ஏறினான். கண்ணாடியை அடுப்புக்குள் வைத்து, மண்டிபோட்டுப் பார்த்தாள். கறுப்பு. கண்ணாடி வைத்திருப்பதே தெரியவில்லை.

"வானம் தெரியல" என்று மேலே கத்தினாள்.

"சுத்தமாத் தெரியலீங்களா?"

"கொஞ்சங்கூடத் தெரியல."

மேலே கடப்பாரை தட்டும் சத்தம். ஓரிடத்தில் மந்தமாக, ஓரிடத்தில் கணீரென்று. அது நின்றதும் சென்னியப்பனின் குரல் இறங்கியது.

"சின்னம்மா! இந்தக் கொழாய் மேல கல்லு வெச்சு மூடீருக்குதுங்க! கடப்பாக்கல்லு! மேல சாந்து பூசீருக்கறதுனால அன்னிக்குத் தெரியலீங்க. தள்ளி நில்லுங்க, எடுக்கறேன்!"

கொஞ்சம் மண் விழுந்தது. கரி பொலபொலவென்று இறங்கியது. காக்கைக் கூட்டுச் சுள்ளி எதுவும் இல்லை. ஒரு காக்கையும் அதற்குள் வந்திருக்க முடியாது. பிறகு கல் நகரும் சத்தம் கேட்டது. அடுப்புக்குள் வெளிச்சம் விழுந்தது. தண்ணீர் ஊற்றியதுபோல நேராக விழுந்தது. கரித்தூள் அதில் சுழன்றது.

"இப்பப் பாருங்க!"

கண்ணாடியில் சதுரமாக ஒரு துண்டு வானம் இருந்தது. அதில் ஒரு மேகம் போனது.

பங்காரம்மா மெதுவாகக் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அடுப்புக்குள் தலையை விட்டு மேலே கேட்டாள்.

"அந்தக் கல்ல எப்ப வெச்சாங்க?"

"கட்டறப்பவே வெச்சதுங்க பெரியம்மா! கூண்டுச் சாந்தும் இதும் ஒரே சாந்து. மழ எறங்கிரும்னு கொத்தனாரு மூடிப்போட்டாரு போல. பொகை போறதுக்குன்னு கட்டுனதே அவருக்குத் தெரிஞ்சிருக்காதுங்க."

வீட்டைக் கட்டியது திருமூர்த்திக் கொத்தனார். கோயில் மதில் கட்டியவர். வீட்டுக்குள் ஒரு சொட்டு மழை இறங்கவிடமாட்டார் என்று பெயர். அவரும் போய்ப் பத்து வருஷம் ஆயிற்று.

பங்காரம்மா தலையை வெளியே எடுத்தாள். நெற்றியில் கரி. துடைக்கவில்லை.

"கல்லு. ஒரு கல்லு. இந்த மனுசன் சாகற வரைக்கும் தன்னைய முட்டாளுன்னே நெனச்சுட்டுப் போனாரு" என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

நடுச்சுவரில் அடுப்பு வாய்க்கு மேலே ஒரு கை உயரத்தில் நாலு செங்கல் உதிர்ந்திருந்தது. அதைக் கூடத்துப் பக்கமிருந்துதான் அடைக்க முடியும். எப்படிச் செங்கல் வைப்பது என்று சென்னியப்பன் ஜன்னலுக்கு வெளியே நின்று சொல்ல, ராமாமணி தோள் வரை கையை விட்டுப் பார்த்தாள். எட்டவில்லை.

"வெளிய நின்னு பாடம் நடத்தறதுக்கு உள்ள வந்து வெய்யி" என்றாள் பங்காரம்மா. "பஸ்ஸுக்கு நேரமாகலியா உனக்கு?"

அவன் காலைக் கழுவிக்கொண்டு வந்தான். முதுகைத் தரையில் கொடுத்து அடுப்புக்குள் பாதி உடம்பை நுழைத்து, செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒரு மணி நேரம் வேலை செய்தான். வெளியே வந்து, இனிமேல் மேலே கல் வேண்டாம், கம்பி வலை போதும், மழைக்கு நாலு காலில் ஒரு தகரம் நிறுத்தலாம் என்றான். கடைசியாக, ஒரு பிடி வைக்கோல் எரித்துப் பார்க்க வேண்டும் என்றான். புகை நேரே மேலே போக வேண்டும். அது பாராமல் எந்த வீட்டிலிருந்தும் கிளம்பமாட்டானாம்.

"வைக்கோல் எதுக்கு? மாரே வெய்யி" என்றாள் பங்காரம்மா. "காஞ்சதா வெய்யி."

நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டாள். வெளியே தூறல் நின்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தீ பிடித்தது. புகை ஒருமுறை வளைவை எட்டிப் பார்த்தது; பிறகு யாரோ மேலேயிருந்து இழுத்ததுபோல உள்ளே போய்விட்டது. கூடத்தில் ஒரு இழைகூட இல்லை. பங்காரம்மாவுக்கு வியர்த்தது. எழுந்திருக்கவில்லை. மார் எரிந்து சாம்பலாகும் வரை உட்கார்ந்திருந்தாள். சென்னியப்பன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு சொல்லிக்கொள்ளாமலே போனான். அவளைக் கூப்பிட அவனுக்கு மனம் வரவில்லை போலும்.

ராமாமணி பெட்டியை மூடவும் இல்லை, காலி செய்யவும் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் அந்த வீட்டில் விடிவதற்கு முன்பே அடுப்பு எரியும். புளியோதரை, பொங்கல், வடை, பாயசம். சமையலறையில் இரண்டு அடுப்பும் நிற்காமல் எரிந்தன. பெருமாள் பங்காரம்மாவின் அறையில் பலகைமேல் இருந்தார். அங்கேயே மாலை போட்டாயிற்று. கூடம் வெறுமையாக, அகலமாகத் தெரிந்தது. ராமாமணி தொட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆறு மணி. ஆறரை. ஃபாக்டரிச் சங்கு ஊதியது. ஏழு.

பங்காரம்மா கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்தாள்.

"இருமுனானா?"

"இல்லீங்க அத்தை."

"ஒருக்காக்கூட?"

"ஒருக்காக்கூட இல்லீங்க."

நம்பாமல் தொட்டில் வரை வந்தாள். குனிந்து மூச்சைக் கேட்டாள். விசில் சத்தம் லேசாக இருந்தது, இருமல் இல்லை. நிமிர்ந்து மருமகளின் அறைக்குள் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள்.

"இரு. இன்னும் ரெண்டு புடி மாரு வெச்சுப் பாக்கறேன்" என்று சமையலறைக்குத் திரும்பினாள்.

மார் முறியும் சத்தம் கேட்டது. ராமாமணி தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான்.